ஸ்டெப்னி இல்லாத காரில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியைக் காணோம். அது இருக்கவேண்டிய பள்ளத்தில் ஒரு சின்ன பம்ப்பும், ஓட்டையை அடைக்கும் கூழ் நிரப்பிய ஒரு குப்பியும் இருக்கின்றன. "நடுராத்திரி, ஆளில்லாத சாலையில் டயர் பஞ்சர் ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பேசாமல் ஒரு ஸ்டெப்னி வாங்கிப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

ஸ்டெப்னி வாங்குவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மற்றதற்கு என் பதில் இது: உங்கள் ஸ்டெப்னி அந்தப் பம்ப்தான், குப்பி அல்ல. பஞ்சர் ஆனதும் பையைப் பிரித்து நேராகக் குப்பியை மாட்டுகிறவர்கள்தான் அதிகம். கையேட்டிலும் படம் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் ஆணி ஏறிய டியூப்லெஸ் டயர் பெரும்பாலும் மெதுவாகத்தான் காற்றை விடும். ஓட்டை போட்ட ஆணியே அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டும் நிற்கிறது அல்லவா? அந்த நிலைமையில் வெறும் காற்றை அடித்துக்கொண்டே பஞ்சர் கடைவரை போய்ச் சேர்ந்துவிடலாம். காற்று எவ்வளவு வேகமாக இறங்குகிறது, ஓட்டை டயரில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், பம்ப்பா, ஓட்டையில் குத்தி அடைக்கும் ரப்பர்த் திரியா, குப்பியா, இல்லை மீட்பு வண்டியா என்பது தானாக முடிவாகிவிடும்.

கொஞ்சம் பழங்கதை. ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் செய்த மாற்றுச் சக்கரத்துக்கு அந்தத் தெருவின் பெயரே ஒட்டிக்கொண்டது. அதற்கு ஆரக்கால் கிடையாது. காற்றடித்த டயர் மாட்டிய வெறும் வளையம். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் அதன் மேலேயே இதைக் கவ்வி மாட்டிவிட்டு ஓட்டிப் போவார்கள். அதற்கு முந்தைய கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் வந்தன. ஆக, உங்கள் புதுக் கார் ஒரு விதத்தில் பழைய வழக்கத்துக்குத் திரும்பியிருக்கிறது, கையில் ஒரு பம்ப்போடு.

ஏன் எடுத்துவிட்டார்கள் என்றால், முழு அளவுச் சக்கரமும் ஜாக்கியும் ஸ்பேனருமாகச் சேர்த்து 20 கிலோவுக்குப் பக்கத்தில் எடை வரும். எடை குறைந்தால் எரிபொருள் கணக்கு அழகாகத் தெரியும். மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் அந்த இடத்தைப் பேட்டரி பிடித்துக்கொள்ளும். கம்பெனிக்குச் செலவும் மிச்சம். இதை மட்டும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் இப்போதே போய்ப் பாருங்கள்: ஸ்டெப்னி போகும்போது பல கார்களில் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் கூடவே போய்விடுகின்றன. பலருக்கு இது முதல் பஞ்சரன்றுதான் தெரியவரும். நண்பர் ஒருவர் நல்ல சக்கரத்தோடு ஓடி வந்தாலும், பழையதைக் கழற்ற வழி இருக்காது.

சரி, சாலைக்கு வருவோம். டேஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது காற்றழுத்த எச்சரிக்கை. எரிந்தவுடன் டயர் தரைமட்டமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பொதுவாக, இருக்கவேண்டிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைந்த பிறகுதான் எரியும். 33 பிஎஸ்ஐ இருக்கவேண்டிய டயரில் 25, 26 ஆகியிருக்கும். (முதலில் ஒரு நிமிடம்போல் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், கோளாறு பெரும்பாலும் டயரில் இல்லை, எச்சரிக்கை அமைப்பிலேயே இருக்கிறது.) விளக்கு எரிந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்காமல், ஸ்டியரிங் கனக்காமல் இருந்தால் பதற வேண்டாம். வேகத்தைக் குறைத்து, வெளிச்சமான, சமதளமான இடம் வரும்வரை மெதுவாகப் போகலாம். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, பின்பக்கம் ஆடினாலோ, தடதடவென்று சத்தம் வந்தாலோ காற்று கிட்டத்தட்டப் போய்விட்டது. அப்போது தள்ளிப்போட முடியாது.

டயர் வெடித்தே விட்டால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வெடித்த டயரே வண்டியை இழுத்து நிறுத்தும். வேகம் நன்றாகத் தணிந்த பிறகு ஓரம் கட்டலாம்.

எங்கே நிறுத்துவது என்பதில் டயரைக் காப்பாற்றப் பார்த்து ஆளைப் பலி கொடுத்துவிடக் கூடாது. காற்றே இல்லாத டயரில் சில நூறு மீட்டர் உருட்டினாலே ரிம்மின் விளிம்பு பக்கச்சுவரை உள்ளிருந்து அரைத்துவிடும். அந்த டயர் பிறகு ஒட்டுப்போட லாயக்கில்லை. இருந்தாலும் வளைவிலோ, குறுகலான பாலத்திலோ, வண்டிகள் பறக்கும் சாலையின் நடுவிலோ நிற்பதைவிட, டயர் போனால் போகட்டும் என்று நடைவேகத்தில் ஊர்ந்து பத்திரமான இடத்துக்குப் போவதே மேல். நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், கூட வந்தவர்களைச் வண்டிகள் போகாத பக்கத்துக் கதவு வழியாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருகிறவர் 50 மீட்டரை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடுவார், அதனால் பத்தடியில் வைத்துப் பயனில்லை. ஓரமாக நடக்கவே இடமில்லாத அதிவேகச் சாலை என்றால் முக்கோணத்தை மறந்துவிடுங்கள். அங்கே குனிந்து டயர் வேலை பார்ப்பதையும் மறந்துவிட்டு மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். போக்குவரத்துப் பக்கத்துச் சக்கரம் பஞ்சராகியிருந்தால் இது இரண்டு மடங்கு பொருந்தும்.

இப்போது டயரைப் பாருங்கள். கைப்பேசி வெளிச்சம் போதும். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் டயரின் பரப்பு வெளியே தெரியும், ஜாக்கி வேண்டாம். பின்சக்கரம் என்றால் வண்டியை ஓரடி முன்னால் நகர்த்தி மறுபடி பாருங்கள். ஆணியோ திருகோ கண்ணில் படலாம். பட்டால், தயவுசெய்து பிடுங்காதீர்கள்.

இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் இப்படித்தான் ஒரு திருகு தெரிந்தது. டயரில் காற்று பாதிக்கு மேல் இருந்தது. முள்ளைப் பார்த்தால் எடுக்கத் தோன்றும் இல்லையா, அதே புத்தியில் கொறடால் பிடித்து இழுத்துவிட்டேன். பாம்பு சீறுவதுபோல் ஒரு நிமிடம் சத்தம் கேட்டது. அப்புறம் நானும் தரையோடு ஒட்டிய டயரும் மட்டும். அந்தத் திருகை அப்படியே விட்டிருந்தால் சாவகாசமாகக் கடைக்கு ஓட்டிப் போயிருப்பேன். ஓட்டையை அடைக்க வேறு ஏற்பாடு கையில் தயாராக இருந்தால் மட்டுமே ஆணியைத் தொடவேண்டும்.

ஓட்டை தரையில் படும் பரப்பில், நடுப்பகுதியில் இருக்கிறதா, தோள்பட்டை மாதிரி வளைகிற ஓரத்தில் இருக்கிறதா, பக்கச்சுவரிலா என்று கவனியுங்கள். நடுப்பகுதியில் ரப்பருக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. அந்த இடம் அதிகம் வளையாது, அதனால் அடைப்பு நிற்கும். பக்கச்சுவரோ சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிறது. அங்கே எதை வைத்து அடைத்தாலும் பிய்ந்துவிடும். பக்கச்சுவரில் கிழிசலோ, முட்டைபோல் வீக்கமோ தெரிந்தால் பம்ப் பையை மூடி வைத்துவிடுங்கள். அது மீட்பு வண்டி கேஸ்.

கிழிசல் எதுவும் இல்லையென்றால் பம்ப்பை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு 12 வோல்ட் சாக்கெட்டில் செருகுங்கள். மூடிய கார் நிறுத்தத்தில் என்றால் எஞ்சினை ஓடவிடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். யூஎஸ்பி துளையில் இது ஓடாது. டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம். டயரின் மேலேயே பொறித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிக்கக்கூடாது. பம்ப்பில் பார் கணக்கு மட்டும் இருந்தால் 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. தாள் கைக்கு எட்டவில்லையென்றால், அதே அச்சில் எதிர்ப்பக்கம் இருக்கும் டயரை அளந்து அதற்குச் சமமாக அடியுங்கள். இரண்டும் ஒரே சாலையில் ஓடிச் சூடானவை என்பதால் இந்த ஒப்பீடு நம்பகமானதும்கூட. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி ஏறினாலே அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். தாளில் இருப்பது ஆறிய டயருக்கான கணக்கு. ஆகவே ஓடிவந்த டயரில் இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டினால் அதை இறக்கிவிட வேண்டாம்.

இந்தச் சின்ன பம்ப்புகள் நிதானமானவை. தரைமட்டமான டயரை நிரப்ப ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகலாம், பெரிய டயர் என்றால் இன்னும் கூட. தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடலாம் என்று பம்ப்பின் மேலேயே எழுதியிருக்கும். அதற்கு மேல் ஓட்டினால் சூடாகி நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி போடுங்கள். செருகியும் ஓடவில்லையென்றால் சாக்கெட்டின் ஃபியூஸ் போயிருக்கலாம்.

நிரம்பியதும் உடனே கிளம்பாதீர்கள். இனிமேல்தான் முக்கியமான கட்டம்: ஐந்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளப்பது. சொட்டுக்கூட இறங்கவில்லை, அல்லது 1 பிஎஸ்ஐ இறங்கியிருக்கிறது என்றால் இது மெதுவான கசிவு. வழக்கத்தைவிட இரண்டு பிஎஸ்ஐ கூடுதலாக அடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்தே ஓட்டி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அளந்தபடி கடைக்குப் போகலாம். ஓடும்போது ஆணி அசைந்து ஓட்டையைப் பெரிதாக்கும் என்பதால் முதல் அளவை பத்து நிமிடத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. ஐந்து நிமிடத்தில் மூன்று, நான்கு இறங்கினால் பக்கத்தில் இருக்கும் கடைக்கு மட்டும்தான் இந்த முறை சரிவரும். கண் முன்னால் ஊசி இறங்கிக்கொண்டே போனாலோ, பம்ப் ஓடும்போதே ஏறாமல் நின்றாலோ வெறும் காற்றால் ஆகாது. இந்த எல்லைகள் நானாக வைத்துக்கொண்டவை. கையேட்டில் இருக்காது. ஆனால் இத்தனை வருடத்தில் என்னைக் கைவிட்டதில்லை. 25-க்குக் கீழே இறங்கிய டயரில் மட்டும் பயணத்தைத் தொடரமாட்டேன், அடித்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஆணியே இல்லாமலும் காற்று இறங்கும். வால்வின் மூடியைக் கழற்றி, அதன் நுனியில் கொஞ்சம் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துப் பாருங்கள். குமிழி விட்டால் உள்ளே இருக்கும் வால்வு பின் தளர்ந்திருக்கிறது. அதற்கென்று இருக்கும் சின்னத் திருகியால் கால் சுற்று இறுக்கினால் முடிந்தது. விரல் நீளம்கூட இல்லாத கருவி அது. பம்ப் பையிலேயே ஒன்றைப் போட்டு வையுங்கள்.

பம்ப்புக்கு அடுத்தபடி என்றால் என் ஓட்டு திரிக்குத்தான். டியூப்லெஸ் பஞ்சர் கிட் என்று தனியாகக் கிடைக்கும்: கைப்பிடி வைத்த அரம் போன்ற ஒரு ஊசி, காது உள்ள இன்னொரு ஊசி, பிசின் ஊறிய ரப்பர் திரிகள். காருடன் இது வராது, வாங்கிக்கொள்ள வேண்டும். செய்முறையைச் சொல்வது சுலபம், செய்வதற்குப் புஜபலம் வேண்டும். முதலில் டயரில் நன்றாகக் காற்று அடித்துக்கொள்ளுங்கள். தொளதொளத்த டயரில் ஊசி இறங்காது. திரியை ஊசிக் காதில் பாதிவரை கோத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அப்புறம் ஆணியைப் பிடுங்குங்கள். ஆணி எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் அரத்தைச் செலுத்தி மேலும் கீழுமாகப் பத்து இருபது முறை உரசுங்கள். எஃகுக் கம்பிகளைக் கடந்து போகவேண்டும் என்பதால் முரண்டு பிடிக்கும். உடம்பின் எடையைக் கொடுங்கள். அரத்தை எடுத்த கையோடு திரியை அழுத்தி இறக்கி, இரண்டு செ.மீ. வால் வெளியே இருக்கும்போது நிறுத்தி, ஊசியை மட்டும் வெடுக்கென்று இழுத்துவிடுங்கள். திரி உள்ளே மாட்டிக்கொள்ளும். மிச்ச வாலைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி இல்லையென்றால் வேலை முடிந்தது.

இது பத்து, பதினைந்து நிமிட வேலை, குப்பிபோல் டயருக்குள் எதையும் கொட்டுவதில்லை. ஆனால் நடுப்பகுதி ஓட்டைக்கு மட்டும்தான். முதல்முறையை நடுராத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடையில் தூக்கிப்போடும் பழைய டயர் ஒன்று கிடைத்தால் பகலில் இரண்டு முறை குத்திப் பழகிக்கொள்ளுங்கள். கைக்கு வலு போதாது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குப்பிக்குப் போய்விடலாம்.

குப்பியில் இருப்பது ரப்பர் பால் கலந்த ஒரு கூழ். காற்றோடு சேர்ந்து டயருக்குள் போய், சக்கரம் சுற்றும்போது உட்பரப்பெங்கும் பரவி, ஓட்டை வழியே வெளியேறப் பார்க்கும்போது அங்கேயே இறுகிக்கொள்ளும். பெரும்பாலான குப்பிகள் 4 மி.மீ. வரை, சில 6 மி.மீ. வரை உள்ள ஓட்டைக்கு என்றே தயாரித்தவை. அதற்கு மேல் பெரிய ஓட்டையில் ஊற்றினால் சாலைதான் வெள்ளையாகும்.

குப்பியை நன்றாகக் குலுக்கி, பம்ப்போடும் வால்வோடும் இணைத்து, பம்ப்பைப் போடுங்கள். இங்கே பலர் பயந்துவிடுவார்கள்: அழுத்தமானி திடீரென்று 5, 6 பார் என்று காட்டும். டயர் வெடிக்கப் போவதில்லை. கெட்டியான கூழ் வால்வின் குறுகிய துளையில் நெருக்கித் தள்ளிக்கொண்டு போவதால் அப்படிக் காட்டுகிறது. அரை நிமிடத்தில் குப்பி காலியாகி ஊசி சரசரவென்று கீழே வரும், அதற்கு மேல் காட்டுவதுதான் டயரின் அழுத்தம். பத்து நிமிடம் அடித்தும் 1.8 பார்கூட ஏறவில்லையென்றால், குழாயைக் கழற்றிவிட்டு வண்டியைப் பத்து மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, கூழைப் பரவவிட்டு மறுபடி ஒருமுறை அடியுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் கைவிடவேண்டியதுதான்.

ஏறிவிட்டால் நின்று பேசிக்கொண்டிருக்கக் கூடாது. பொருள்களை அள்ளிப்போட்டுக்கொண்டு உடனே கிளம்புங்கள். நின்றுகொண்டிருந்தால் கூழ் கீழே குட்டையாகத் தேங்கிவிடும், ஓட்டை வேறு பக்கம் இருந்தால் அங்கே போகவே போகாது. மணிக்கு 80 கி.மீ. உச்சவரம்பு. குப்பியோடு இந்த எண் போட்ட ஒட்டுத்தாள் ஒன்று வரும். அதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பத்து கி.மீ. போனதும் நிறுத்தி அளங்கள். 1.3 பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் அடைப்பு பிடிக்கவில்லை, அங்கேயே நிற்கவேண்டும். பிடித்திருந்தால் குறைந்ததை நிரப்பிக்கொண்டு நேராகக் கடைக்குப் போங்கள்.

இவ்வளவு வேலை செய்கிற குப்பியை ஏன் கடைசியாக வைத்தேன் என்றால், அது ஒருமுறைதான். ஊற்றியபின் டயரின் உட்புறம் கூழ்க்காடாகிவிடும்; ஒட்டுப்போடுகிறவர் அதைக் கழுவித் துடைத்தாக வேண்டும், சிலர் அந்த டயரைத் தொடவே மாட்டார்கள். சக்கரத்துக்குள் அழுத்தம் பார்க்கும் சென்சார் இருந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளக்கூடும். கடையில் முதல் வேலையாக "உள்ளே மருந்து ஊற்றியிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கழற்றுகிறவர் மேலெல்லாம் தெறிக்கும். பம்ப் இல்லாமல், உள்ளேயே வாயு அடைத்து வரும் ஸ்ப்ரே குப்பிகளும் உண்டு. அவற்றில் சிலவற்றில் இருப்பது தீப்பிடிக்கும் வாயு. வெயிலில் கொதிக்கும் டிக்கியில் நான் அதை வைக்கமாட்டேன்.

குப்பிக்குக் காலாவதித் தேதி உண்டு. பொதுவாக நான்கைந்து வருடம். பழைய கார் வாங்கியவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய இடம் இது. காலாவதியான குப்பியைக் குலுக்கினால் சிலசமயம் ஓசையே வராது, உள்ளே கெட்டியாகிப் போயிருக்கும்.

இவை எதற்கும் அடங்காத பஞ்சர்களும் உண்டு. பக்கச்சுவர் கிழிந்தது, பள்ளத்தில் மோதி ரிம் வளைந்தது, டயரின் விளிம்பு ரிம்மை விட்டே நழுவிவிட்டது. கடைசியாகச் சொன்னதில் பம்ப் எவ்வளவு ஓடினாலும் காற்று பக்கவாட்டில் போய்க்கொண்டே இருக்கும், ஏனென்றால் விளிம்பை மறுபடி உட்காரவைக்கக் கடைக் கம்ப்ரசரின் வேகம் வேண்டும். மீட்பு வண்டியைக் கூப்பிடும்போது, உங்களுடையது மின்சாரக் காரோ நான்கு சக்கரமும் இழுக்கும் காரோ என்றால் அதை முன்கூட்டியே சொல்லி, முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் லாரியாகக் கேளுங்கள். இரண்டு சக்கரத்தைத் தூக்கி மற்ற இரண்டை உருளவிட்டு இழுத்தால் மோட்டாரோ கியரோ கெட்டுப்போகும்.

தெரிந்தவர் தன் காரின் சக்கரத்தைத் தருகிறேன் என்றால்? போல்ட் துளைகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் மட்டும் போதாது. துளைகளுக்கு இடையிலான வட்ட அளவு, நடுத்துளையின் அகலம், டயரின் வெளிச்சுற்று எல்லாம் பொருந்தவேண்டும். அதே மாடல் கார் என்றால் ஒழிய நான் சம்மதிக்கமாட்டேன். அலாய் சக்கரத்தில் திருட்டுத் தடுப்பு நட் இருந்தால் அதன் சாவித்துண்டும் வேண்டும். மீட்பு வண்டிக்காரரிடம்கூட உங்கள் சாவித்துண்டு இருக்காது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

சில கார்களில் ஸ்டெப்னியும் இருக்காது, பம்ப்பும் இருக்காது. அப்படியென்றால் டயரே வேறு வகையாக இருக்கலாம். பக்கச்சுவரில் ஆர்எஃப்டி, இசட்பி, எஸ்எஸ்ஆர் மாதிரி எழுத்துகள் இருந்தால் அது ரன்-ஃபிளாட். பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்திருப்பதால் காற்றே இல்லாமல் பொதுவாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம்வரை தாங்கும். ஆனால் அப்படி ஓட்டிய டயரை மறுபடி ஒட்டிப் பயன்படுத்துவது நல்லதல்ல. இன்னொரு வகையில் உட்பரப்பிலேயே பிசின் பூசியிருப்பார்கள். அதில் ஆணி ஏறினாலும் பல நேரம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மின்சாரக் கார்களின் டயரில் சத்தம் குறைக்க உள்ளே பஞ்சு ஒட்டியிருக்கலாம். ஒட்டுப்போடும் இடத்தில் அதை வெட்டி எடுக்கவேண்டியிருக்கும் என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டுங்கள்.

கடையில் நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பாருங்கள் என்பது. வெளியிலிருந்தே ஒரு திரியைக் குத்தி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் காற்றில்லாமல் ஓடிய டயருக்குள் ரப்பர்த் தூள் உதிர்ந்திருக்கும், பக்கச்சுவரின் உட்புறம் வளையமாகக் கன்றியிருக்கும். கழற்றாமல் இது தெரியாது. அப்படி இருந்தால் டயரை மாற்றவேண்டும். நல்லபடியாக இருந்தால், உள்ளிருந்து காம்பும் ஒட்டும் சேர்ந்த காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் போடுவதுதான் நிரந்தரமான வழி. நடுப்பகுதியில் 6 மி.மீ. வரை உள்ள ஓட்டைக்கு அது போதும். நீங்களே போட்ட திரியையும் இப்படி மாற்றிக்கொள்வது நல்லது.

இனி, ஸ்டெப்னி வாங்கிப் போடலாமா என்ற கேள்வி. டிக்கியில் பள்ளம் இருந்து, உங்கள் மாடலுக்கென்று தற்காலிகமாக மாட்டும் ஒல்லிச் சக்கரம் கிடைக்கிறது, ஆள் அரவமில்லாத சாலைகளில் அடிக்கடி போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அது மட்டும்தான். கூடவே ஜாக்கி, ஸ்பேனர் வாங்க மறக்கவேண்டாம். மின்சாரக் காரில் ஜாக்கி வைக்கும் இடம் மாறினால் பேட்டரியின் அடிப்பகுதி நசுங்கும் என்பதால் அந்த இடத்தைக் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லிச் சக்கரத்துக்குப் பல நேரம் 60 பிஎஸ்ஐ தேவைப்படும், வேகவரம்பு அதற்கும் 80 தான். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் அந்தப் பணத்தை நல்ல டயரில் போடலாம்.

என் காரிலும் ஸ்டெப்னி இல்லை. டிக்கிப் பள்ளத்தில் பம்ப், தேதி பார்த்த குப்பி, திரி கிட், கொறடு, வால்வுத் திருகி, தலையில் மாட்டும் விளக்கு, சோப்புத் தண்ணீர்ப் பாட்டில், கையுறை, இரண்டு உதிரி ஃபியூஸ், நட் சாவித்துண்டு எல்லாம் ஒரே பையில் கிடக்கின்றன. மாதம் ஒருமுறை நான்கு டயருக்கும் அந்தப் பம்ப்பாலேயே காற்றுப் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் அப்படிப் பார்த்தபோதுதான் பின்பக்க டயர் ஒன்று மட்டும் 4 பிஎஸ்ஐ குறைந்திருந்தது. தடவிப் பார்த்தால் ஒரு சின்ன ஆணி. விளக்குகூட இன்னும் எரிந்திருக்கவில்லை.